துடுப்பில் இருபத்திரண்டு வெட்டு

ஹேசல் ஓடைக் கரையில் நான் இருந்தது மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஓடைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன். அவற்றின் பெயர்கூட மறந்துவிட்டது. இப்போது மிசூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத புல்வெளியில் கிழவனாக உட்கார்ந்திருக்கிறேன். மாசி வாக்கில் பனி இளகி, பகலில் வெயிலும் இரவில் உறைபனியுமாக நாலு நாள் சேர்ந்து வந்தால் போதும், நாக்கு அந்த ஓடைக்கரைச் சர்க்கரையைத் தேட ஆரம்பித்துவிடும்.

சர்வேயர் ஹெஸ்லிப்புக்கு நான் கோடாலிக்காரன். ஆள் குறைந்தால் நிலம் அளக்கிற சங்கிலியும் இழுப்பேன். முள்ளுக்குள் புகுந்து, சேற்றில் விழுந்து, அறுபத்தாறு அடிச் சங்கிலியை வளையாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கோடு போட்டு முடிப்பதற்குள் முழங்கால் தோல் இரண்டு தடவை உரியும். அந்தக் கோட்டுக்காக அப்புறம் இரண்டு பேர் பல்லை உடைத்துக்கொள்வார்கள்.

கென்டக்கி தனி மாநிலமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. எந்த நிலம் யாருடையது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஒரே மண்ணுக்கு வர்ஜீனியாவில் உட்கார்ந்திருக்கிற துரை ஒரு காகிதம் வைத்திருப்பார். அவரிடம் வாங்கினவன் இன்னொன்று வைத்திருப்பான். காட்டை வெட்டிச் சோளம் போட்டவனிடம் உள்ளங்கைக் காய்ப்புதான் இருக்கும். இவர்களுக்கெல்லாம் முன்னால் அங்கே இருந்த பூர்வகுடி ஷாவ்னிக்காரர்களை ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே துரத்தியாயிற்று. அவர்கள் பங்கை எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எல்ஸ்பெத் மக்கீன் வழக்கு இதுதான். ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டாம் வருஷம் பிறப்பதற்கு முன்னால் வந்து, குடிசை போட்டு, ஒரு போகம் சோளம் எடுத்தவனுக்கு நானூறு ஏக்கர் என்று சட்டம். அதற்குப் பிறகு வந்தவன், வேறு யாராவது அதே மண்ணுக்குக் காகிதம் வைத்திருந்தால், சட்டி பானையோடு வெளியேற வேண்டியதுதான். அவள் புருஷன் ஆர்ச்சி மக்கீன், "குடிசை நிக்குது, சோளம் நிக்குது, காகிதம் எதுக்கு?" என்று இருந்துவிட்டான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓஹையோவுக்கு வடக்கே நடந்த சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. கூட வந்து குடியேறிய நாலு குடும்பத்தில் ஒன்று செத்தது, மூன்று மேற்கே போய்விட்டது. அவர்கள் எந்த வருஷம் வந்தார்கள் என்று சொல்ல அவள் ஒருத்திதான் மிச்சம். வர்ஜீனியாத் துரை வழக்குப் போட்டிருந்தார். நிலத்தை அளந்து, எல்லை மூலையில் நிற்கிற மரத்தடியில் வைத்து அவளிடம் சத்தியவாக்கு வாங்கி வரச்சொல்லிக் கோர்ட்டு ஹெஸ்லிப்பை அனுப்பியது.

நாங்கள் போனபோது சோளக்கதிர் உரிக்கிற நேரம். களத்தில் ஆளுயரத்துக்கு மட்டை குவிந்து கிடந்தது. அதற்கு நடுவே, நரைத்த தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு கிழவி உட்கார்ந்து, மர ஆணியால் கதிர் கிழித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சர்வேக்காரங்களா? எங்க நிலத்த யாருக்குக் குடுக்க வந்திருக்கீங்க?"

ஹெஸ்லிப் தொப்பியை எடுத்தார். "குடுக்கவும் இல்ல, எடுக்கவும் இல்லம்மா. அளக்கத்தான் வந்திருக்கேன்."

"அளக்குறவனுக்குச் சோறு போடலாம். பாவமில்ல." என்னைப் பார்த்தாள். "தம்பி, அந்தக் கோடாலியச் சுவத்துல சாய்க்காத. கட்டையில கொத்தி வை. மண்ணுல வச்சா முனை மழுங்கும்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கோடாலி எங்கே வைப்பது என்று எனக்குச் சொன்ன முதல் பொம்பளை அவள்தான்.

மருமகள் டோர்க்காஸ் நிறைமாதம். அவள் சாம்பலுக்குள் சோள அடை சுட்டு எடுத்துப் போட்டாள். உப்புக்கண்டம் போட்ட பன்றி, கெட்டி மோர். கடைசியில் கிழவி கருப்புக் கட்டி ஒன்றை எடுத்துவந்து, கத்தியால் சீவி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். சர்க்கரை மரத்துச் சாற்றைக் காய்ச்சி இறுக்கின கட்டி. நான் கடிக்கவில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். புகையும் மரமும் சேர்ந்த ஒரு இனிப்பு.

"எந்த மரத்துதும்மா?"

"மூலை மரத்துது. நீங்க அளக்க ஆரம்பிக்கப்போற மரந்தான். இந்தக் கரையில முன்னூறு சர்க்கரை மரம் நிக்குது. அதுல ஊறுற மாதிரி எதுலயும் ஊறாது. தெக்குப் பக்கம், நெஞ்சு உசரத்துல, சாறு எறங்க மொத வருஷம் கீறினேன். அப்புறம் வருஷத்துக்கு ஒரு சாண் வலது பக்கமாத் தள்ளித் தள்ளிக் கீறுவேன். சுத்தி முடிஞ்சா ஒரு முழம் மேல. ஒரே எடத்துல கீறினா மரம் செத்துரும்."

அடுப்புக்கு மேலே சுவரில் இரண்டு சாமான் தொங்கின. ஒன்று, சாறு காய்ச்சும்போது கொப்பரையில் கிண்டுகிற நீளத் துடுப்பு. மற்றது, உள்ளங்கை அகலத்தில் குடைந்த ஒரு சின்ன மரத்தொட்டி. சாறு பிடிக்கிற தொட்டிதான், ஆனால் விளையாட்டுச் சாமான் அளவு. அதில் உப்பு வைத்திருந்தாள். தொட்டியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். டோர்க்காஸ் என் காலை மிதித்தாள். அப்புறம் தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் சொன்னாள்:

"அது மொதப் புள்ளையோடது, ஜெனட். மாமா குடைஞ்சு குடுத்தாராம். அத்தைகிட்ட அந்தப் பேச்ச எடுத்துடாதீங்க. நானே கல்யாணமாகி ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

துடுப்பின் காம்பில் வரிசையாக வெட்டு இருந்தது. அதைக் கேட்டேன்.

"வருஷம்" என்றாள் கிழவி. "சர்க்கரை எறக்கி முடிச்ச அன்னைக்கு ஒரு வெட்டு. எனக்கு எழுத்துத் தெரியாது, இதுதான் கணக்கு." கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். "இது செவலப் பசு செத்தது. இது ஆர்ச்சி போனது. இது ஓடை ஒடைச்சுக்கிட்டு வந்தது. இது ஆடம் பொறந்த கடுங்குளிர். இங்க ஆரம்பம், இங்க இந்த வருஷம். மொத்தம் இருபத்திரண்டு."

ஹெஸ்லிப் மோர்க் குவளையைக் கீழே வைத்தார். நானும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது தொண்ணூற்றொன்பது. இருபத்திரண்டாவது வெட்டு இந்த வருஷத்தது என்றால் முதல் வெட்டு எழுபத்தெட்டு. ஒரு வருஷம் பிந்திவிட்டார்கள். நானூறு ஏக்கரும் போச்சு.

மகன் ஆடம் வாசலில் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கை அவன் ரொம்ப நாளைக்கு முன்னாலேயே போட்டுவிட்டான் என்று தெரிந்தது.

பத்து நாள் சங்கிலி இழுத்தோம். ஆடம் எங்களோடு வந்து புதர் வெட்டினான். பட்டையை வளையமாகச் சீவிக் காயவிட்ட மரங்கள் வெள்ளையாக, இலையில்லாமல் நின்ற காட்டுக்குள் சோளம் போட்டிருந்தார்கள். கல் பொறுக்கிக் கட்டின வேலி ஒன்று ஓடை வரைக்கும் போயிற்று. "அந்தக் கல்லெல்லாம் அம்மா வயித்துப் புள்ளையோட சொமந்தது" என்றான். இருபது வயசு ஆகவில்லை, நாற்பது வயசுக்காரன் மாதிரி நடந்தான்.

கடைசி நாளுக்கு முந்தின மதியம், கிழவி ஓடையில் துணி அலசிவிட்டு வந்தாள். துடுப்பு வேறு ஆணியில் தொங்கியதை வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். எடுத்துத் தடவினாள். கடைசியில், ஆரம்ப வெட்டுக்கும் கீழே, விரல் நின்றது.

"ஆடம்!"

அவன் மாட்டுக்கொட்டிலிலிருந்து வந்தான்.

"இது என்னடா?"

"என்னது?"

"பன்னிக் கொழுப்பும் கரியும் போட்டுத் தேச்சா பழசாயிருமா? உங்கப்பன் வெட்டுனா கத்தி வலது பக்கமா சாயும். இது கம்பம் மாதிரி நேரா நிக்குது. நானும் வெட்டல, உங்கப்பனும் வெட்டல. அப்ப எந்த நாய் வெட்டுச்சு?"

"நாய்தான் வெட்டுச்சு" என்றான். "நாய்க்குப் பொண்டாட்டி இருக்கா, புள்ள வரப்போகுது. ஒரே ஒரு வருஷம்மா! கடுங்குளிருக்கு முன்னாடி எத்தனை சர்க்கரை காய்ச்சின?"

"ரெண்டு. ரெண்டு காய்ச்சினேன், அப்புறம் நீ பொறந்த."

"மூணா இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்னா என்ன? காய்ச்சினா காய்ச்சினது."

"ஷாவ்னிக்காரன் தாக்க வந்தான்னு கோட்டைக்குள்ள ஓடுனீங்களே, அது எந்த வருஷம்?"

"எந்த வருஷம் ஓடல? அஞ்சு வருஷமா ஓடுறதும் வர்றதுமாத்தான் இருந்தோம். விதச்சுட்டு ஓடுவோம், அறுக்க வருவோம். அதையெல்லாமா வெட்டி வச்சிருக்க முடியும்?"

ஆடம் குரல் தணிந்தது. "நாளைக்கு அந்த வக்கீல் பைபிள நீட்டுவான். எழுபத்தேழுன்னு ஒரு வார்த்தை. செத்துப்போன அப்பா வந்து இல்லன்னு சொல்லப்போறாரா? ஷாவ்னிக்காரன் வந்து சொல்லப்போறானா?"

"நான் சொல்லுவேன்டா. எனக்குத் தெரியுமில்ல."

"அப்ப மூட்டையக் கட்டு. மிசூரிக்குப் போவோம். அங்க ஆளுற ஸ்பானியன் கேட்டவனுக்கெல்லாம் நெலம் குடுக்கிறானாம். இந்த நாட்டுக்காரன்தான் குடுக்க மாட்டேங்குறான்."

"நீங்க போங்க. அங்கயும் ஒரு கோட்டை இருக்கும், கதவச் சாத்துவான். இனி எந்தக் கோட்டைக் கதவுக்குள்ளயும் நான் போறதா இல்ல."

கத்தியை எடுத்து அந்தப் புது வெட்டு இருந்த இடத்தையே மழுங்கச் சீவினாள். சீவல் அடுப்பில் விழுந்து எரிந்தது. டோர்க்காஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆடம் கொட்டிலுக்குப் போய்விட்டான். நானும் ஹெஸ்லிப்பும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சோளமட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் துரையின் வக்கீல் ஓவர்பி வந்தார். நல்ல மேலங்கி. கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன், சிரித்துத்தான் பேசினார். அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஐசம் என்ற கறுப்பர் வந்தார், அவருடைய அடிமை. வயது ஐம்பதுக்கு மேலிருக்கும்.

மூலை மரத்தடியில் கூடினோம். இலை மஞ்சளும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. மூன்று ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். சுற்றிலும் சாணுக்குச் சாண் தழும்பு.

ஓவர்பி பைபிளை நீட்டினார். கிழவி கையைத் துடைத்துக்கொண்டு வைத்தாள்.

"எத்தனை வருஷமா இங்க சர்க்கரை காய்ச்சுறீங்கம்மா?"

"இருபத்திரண்டு."

"நிச்சயமா?"

"ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு கொறைய இல்ல. துடுப்புல இருக்கு."

"வந்து இறங்கின பிறகு மொத சர்க்கரைக்கு எத்தனை நாள்?"

"இலையுதிர் காலத்துல வந்தோம். குளிர்காலம் பூரா குடிசை. பனி எளகினதும் சர்க்கரை. அப்புறம் சோளம்."

ஓவர்பி ஹெஸ்லிப்பைப் பார்த்துச் சிரித்தார். "எழுதிக்கோங்க சர்வேயர். மொத சோளம் எழுபத்தெட்டு. அம்மாவே சொல்லிட்டாங்க. நான் கேள்வியே கேக்க வேண்டாம்போல."

ஆடம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எங்கள் சங்கிலிக்காரன் ஒருவன், "கிழவி இப்போ நேர்மையாப் பேசுது, நேத்து துடுப்புல ஒரு வெட்டச் சீவிச்சே" என்று முணுமுணுத்தான். ஓவர்பியின் காதிலும் விழுந்தது.

"துடுப்பைத் திருத்தினீங்களாம்மா?"

கிழவியின் முகம் அடுப்பு மாதிரி சிவந்தது. "திருத்தினத அழிச்சேன். நம்பிக்கை இல்லன்னா மரத்தக் கேளுங்க. மொதக் கீறல் இதுக்குள்ள இருக்கு. தெக்கால, நெஞ்சு உசரம். தம்பி, வெட்டு."

"மரம் போயிரும்மா" என்றேன். அவ்வளவு பெரிய காயத்தை அந்த வயசு மரம் தாங்காது.

"நெலமே போகுது, மரம் என்ன? வெட்டு. நான் பொய் சொல்றவளான்னு பாக்கட்டும்."

ஓவர்பி தோளைக் குலுக்கினார். அவருக்கு என்ன நஷ்டம்? அவள் வாக்குக்கு மரமும் சாட்சி சொன்னால் இன்னும் நல்லதுதான்.

மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, முழ அகலத்துக்கு. ஆப்பு வைத்து அடித்தேன். பழைய தழும்பு இருக்கிற இடத்தில் கட்டை ஒட்டாது. அந்த வழியாகப் பிளந்துகொண்டு வரும். ஐசம் குதிரையை விட்டுவிட்டு வந்து கட்டையைத் தாங்கிப் பிடித்தார். வெளியே வந்தபோது உள்ளே பச்சை மரத்தின் இனிப்பு வாசனை.

கட்டையின் வெட்டுமுகத்தை நான் இழைத்துக் கொடுத்தேன். ஹெஸ்லிப் தண்ணீர் தொட்டுத் தடவினார். வருஷத்துக்கு ஒன்றாக மரம் போட்ட வளையங்கள் கருத்துக்கொண்டு தெரிந்தன. தெற்குப் பக்கம் ஒரு கருந்தழும்பு. அதற்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி இன்னொன்று. ஹெஸ்லிப்புக்கு ஒரு கண் மங்கல். ஐந்து வளையத்துக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டே பட்டையிலிருந்து அந்தத் தெற்குத் தழும்பை நோக்கி உள்ளே போனார். ஓவர்பியும் குனிந்து எண்ணினார்.

நாலு குண்டூசி தாண்டி, இருபத்தொன்று, இருபத்திரண்டு...

"இருபத்திமூணு" என்றார் ஹெஸ்லிப்.

"தப்பு" என்றாள் கிழவி. "உங்க கண்ணு சரியில்ல."

மறுபடியும் எண்ணினார். ஓவர்பி தன் பேனாக்கத்தி முனையால் தனியாக எண்ணினார். அவர் சிரிப்பு போய்விட்டது. "இருபத்திமூணுதான்" என்றார்.

"எப்படி இருக்கும்? ஒரு வளையத்த ரெண்டா எண்ணுறீங்க. இருபத்திரண்டு சர்க்கரைதான் காய்ச்சினேன்! பைபிள்ள கை வச்சிருக்கேன், மரம் பொய் சொல்லுதுங்குறேன்!"

ஆடம் ஓடிவந்தான். "அம்மா, வாய மூடும்மா! கும்பிடுறேன், வாய மூடு!"

"நீ மூடுடா! எனக்கு வேண்டாத வருஷத்த எவன் கேட்டான்?"

ஹெஸ்லிப் அவள் கையைப் பிடித்துக் கட்டை மேல் வைத்தார். பொறுமையான மனுஷன். "மக்கீன் அம்மா, இது நீங்க கீறின மொதக் கீறல். இதுக்கு வெளிய இருபத்திமூணு வளையம். எழுபத்தேழுல கீறினது. சாண் தள்ளி இருக்கே, இது ரெண்டாவது கீறல். இதுக்கு வெளிய எத்தனை? இருபத்தொண்ணு. எழுபத்தொன்பதுல கீறினது. நடுவுல ஒரு வசந்தம் வந்திருக்கு, மரம் வளந்திருக்கு. நீங்க கீறல. அந்த வருஷம் எங்க இருந்தீங்க?"

அவள் விரல் இரண்டு தழும்புக்கும் நடுவே, கூடுதலாக இருந்த அந்த ஒரு வளையத்தின் மேல் நின்றது. நகம் வைத்தால் மறைந்துவிடுகிற அகலம்.

"கோட்டைக்குள்ள" என்றாள்.

"மொதச் சோளம் அறுத்ததும் ஓடினோம். குளிர்காலம் பூரா உள்ளதான். நாப்பது பேரு, ஒரே கெணறு. ஜெனட்டுக்குக் காய்ச்ச. மூணு வயசு. நாக்கு வெடிச்சுப் போச்சு. போன வருஷச் சர்க்கரையோட ருசி அவளுக்கு ஞாபகமிருந்துச்சு. சர்க்கரை குடும்மான்னா. வெளிய வெயிலு அடிக்குது, பனி எளகுது, மரமெல்லாம் ஊறிட்டு நிக்கும்னு எனக்குத் தெரியுது. அரை மைல்தான். ஒரு தொட்டி சாறு பிடிச்சுட்டு வந்துர்றேன்னு கால்ல விழுந்தேன். கதவத் தொறக்கமாட்டேன்னுட்டாங்க. தொறந்தா எல்லாரும் செத்திருப்போம், அவங்க சொன்னதுல தப்பில்ல. ஒம்பது நாள் கேட்டா. பத்தாம் நாள் கேக்கல."

தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"சர்க்கரை காய்ச்சாத வருஷம். எதை வெட்டுறது?"

ஆடம் அவள் பக்கத்தில் போய் நின்றான். தொடவில்லை. அந்த ஊரில் யாரும் தாயைத் தொட்டு ஆறுதல் சொல்லமாட்டார்கள். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதையே அவன் அம்மா வாயால் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டான் என்று அப்புறம் சொன்னான்.

கட்டையை இன்னும் தாங்கிப் பிடித்திருந்த ஐசம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இன்னும் உள்ள ஒண்ணு இருக்கு."

பார்த்தோம். கிழவியின் முதல் கீறலுக்கும் உள்ளே, கை அகலம் ஆழத்தில், வேறொரு தழும்பு. சாய்வாக, ஒரே வீச்சில் போட்ட சுத்தமான வெட்டு. சாறு பிடிக்கத்தான். நாங்கள் யாரும் கிழக்கு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முந்தினது.

"உன்னை யாரு கேட்டா? கட்டையப் பிடி" என்றார் ஓவர்பி.

"அது வழக்குல இல்ல" என்றார் ஹெஸ்லிப். எழுதவில்லை.

கிழவி குனிந்து அந்தத் தழும்பைத் தடவினாள். "எந்த ஷாவ்னிக்காரியோ, நல்லாக் கீறியிருக்கா" என்றாள். "எனக்கு இவ்வளவு சுத்தமா வராது." அவ்வளவுதான் சொன்னாள்.

ஹெஸ்லிப் தாளில் எழுபத்தேழு என்று எழுதி, மை காய மணலைத் தூவி ஊதினார். ஓவர்பி தொப்பியைப் போட்டுக்கொண்டே, "இருபது வருஷமா வக்கீலா இருக்கேன். தனக்கு எதிரா வாதாடி ஜெயிச்சவங்கள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். கிழவி அவருக்கும் ஐசத்துக்கும் ஆளுக்கு ஒரு கட்டிச் சர்க்கரை சுற்றிக் கொடுத்தாள். ஐசம் குதிரைக்குப் பின்னால் நடந்து போகும்போது, அதைச் சாப்பிடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அடுத்த வசந்தத்தில் ஹெஸ்லிப் போட்டுமுடித்த நில வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வர நான்தான் போனேன். சர்க்கரைப் பருவத்துக்குக் கணக்குப் பண்ணியே போனேன். நாக்கு இழுத்தது. ஆனால் அந்த வருஷம் பருவம் பொய்த்துவிட்டது. உறைபனியே விழாமல் திடீரென்று சூடாகி, மரங்கள் மொட்டு விட்டுவிட்டன. மொட்டு விட்டால் சாறு கசக்கும். ஓடைக்கரை முழுக்கக் கொப்பரைகள் கவிழ்ந்து கிடந்தன. மூலை மரத்தில் நான் வெட்டின காயம் வாய் பிளந்து நின்றது. ஒரு பக்கக் கிளைகள் துளிர்க்கவில்லை.

வீட்டுக்குள் புதுக் குழந்தை அழுதது. பெண்பிள்ளை. "பேரு ஜெனட்" என்றாள் டோர்க்காஸ், சத்தமாகவே. சின்னத் தொட்டியில் உப்பு இல்லை. கழுவிக் குழந்தையின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள்.

கிழவி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டாள். பழைய சர்க்கரைக் கட்டியில் மிச்சமிருந்ததைச் சீவிக் கொடுத்தாள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஆயிற்று. எத்தனை தேசத்துச் சர்க்கரையோ தின்றாயிற்று. அந்த ருசி போகவில்லை.

"தம்பி, அந்தத் துடுப்ப எடு. எண்ணு" என்றாள். "எனக்குக் கண்ணு மங்குது."

எடுத்தேன். முதல் வெட்டுக்கும் இரண்டாவது வெட்டுக்கும் நடுவில் இடமே கிடையாது. அந்த இடுக்கில் கத்தி முனையால் ஒரு மெல்லிய கோடு கீறியிருந்தது. மறுகோடியில், இந்த வருஷத்துக்கு, ஒரு சொட்டுச் சர்க்கரைகூட இறங்காத வருஷத்துக்கு, ஆழமாக ஒரு புது வெட்டு. வலப்பக்கம் சாயாமல், நேராக.

"இருபத்திநாலும்மா."

"சரியா வருதா?"

விரல் விட்டு எழுபத்தேழிலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

"சரியா வருதும்மா" என்றேன்.